ஆடியும் ஆஷாடமும் உன் எக்செல் ஷீட்டும்

ஆபீஸில் கொடுத்த புது லேப்டாப்பில் உன் ஃபைலைத் திறந்தேன். மேலே மஞ்சள் பட்டை ஒன்று வந்து நின்றது. இந்த ஃபைலில் மேக்ரோக்கள் இருக்கின்றன, தடுத்து வைத்திருக்கிறோம், அனுப்பியவர் யாரென்று தெரிந்தால் மட்டும் அனுமதியுங்கள் என்றது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அனுப்பியவள் யாரென்று எனக்குத் தெரியாதா? எனக்குப் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் ஏழெட்டு வருடம் உட்கார்ந்து, என் டிபன் பாக்ஸில் பாதியைத் தின்றவள். அனுமதி என்பதை அழுத்தினேன். நீ வைத்த பச்சைப் பட்டன் உயிர் பெற்றது. அதன் மேல் நீ தட்டியிருந்த எழுத்தும் அப்படியே இருக்கிறது: பார் போடு.

மைசூரில் நம் கட்டுமான சைட் ஆபீஸுக்கு நீ வந்தபோது அங்கே அட்டவணை என்று ஒன்று கிடையாது. எந்த வேலை எப்போது முடியும் என்பது காண்ட்ராக்டர் சாரின் தலைக்குள் இருந்தது. அதையும் அவர் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார். பில் போடும் எனக்கு அதனால் தினமும் தலைவலி. நீதான் எக்செலில் ஒரு வரிசைக்கு ஒரு வேலை, ஒரு கட்டத்துக்கு ஒரு நாள் என்று பிரித்து, வேலை நடக்கும் நாட்களுக்கு நிறம் பூசினாய். அந்த நிறப் பட்டைக்கு நம் பேச்சில் 'பார்' என்று பெயர். ஒவ்வொரு கட்டமாகப் பூசிக் கை வலித்ததும், நாம் செய்வதைக் கம்ப்யூட்டரே பார்த்துப் பதிந்துகொண்டு திரும்பச் செய்யும் வழி இருப்பதைக் கண்டுபிடித்தாய். அதுதான் மேக்ரோ.

உன் முதல் மேக்ரோ மறக்கக்கூடியதா? அஸ்திவார வரிசையில் நின்றுகொண்டு பதிந்துவிட்டாய். கூரைக்குப் போய் அழுத்தினாலும், ஜன்னலுக்குப் போய் அழுத்தினாலும் அது ஓடிப்போய் அஸ்திவாரத்துக்கே நிறம் பூசியது. "இந்த வீடு மேல எழும்பவே எழும்பாது கணே" என்று என் மைசூர்ப் பேச்சில், 'டி'க்குப் பதில் 'கணே' போட்டு நான் சொல்ல, நீ சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய் நின்றாய். மறுநாள் உள்ளே இருந்த வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றினாய். தொடங்கும் தேதி, எத்தனை நாள் வேலை என்ற இரண்டையும் கொடுத்தால் போதும். பட்டனை அழுத்தினால் எல்லா வரிசையிலும் பார் வந்து விழும். ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டிப் போகும், முடியும் தேதியை அதுவே தள்ளி வைக்கும். சார் வந்து பார்த்துவிட்டு, பட்டனைத் தானும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். அன்றிலிருந்து நீ பிளானிங் மேடம்.

அக்ரஹாரத்தில் பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டிக்கொண்டிருந்த டீச்சரம்மாவை நினைத்துக்கொள்கிறேன். ஓய்வுபெற்ற கன்னட டீச்சர், கணவர் இல்லை, ஒரே மகன். அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. அவன் கிளம்புவதற்குள் கிருகப்பிரவேசம் ஆக வேண்டும், ஹோமத்தில் அவன் உட்கார வேண்டும். அந்த அம்மா நம்மிடம் கேட்டது அது ஒன்றுதான். "ஆஷாடக்கெ முஞ்சே" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போவார். ஆஷாடத்துக்கு முன்னால். அந்த மாதத்தில் இங்கே யாரும் புது வீட்டில் பால் காய்ச்சமாட்டார்கள், நம் ஆடியைப் போல.

நம் ஆடியைப் போல என்று நினைத்ததில்தான் விழுந்தோம். உன் மேஜைக்கு மேலே தேவராஜ மார்க்கெட் அரிசிக் கடையில் கொடுத்த தமிழ் நாட்காட்டி தொங்கியது. அதில் ஆடி ஒன்றாம் தேதியைப் பார்த்தாய். அதற்கு ஒரு வாரம் முன்னால் சாவி கொடுப்பதாக வைத்து, பட்டனை அழுத்தி, பிரிண்ட் எடுத்து சைட் சுவரில் ஒட்டினாய். நானும் பார்த்தேன். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு நாள் டீச்சரம்மா வேலையாட்களுக்குக் காபி கொண்டுவந்தார். பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுப் படித்தார். கடைசி பாரின் மேல் விரல் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அஷ்டொத்திகெ ஆஷாட ஷுரு ஆகிருத்தல்லம்மா" என்றார். அதற்குள் ஆஷாடம் தொடங்கியிருக்குமே அம்மா. திட்டவில்லை. குரல்தான் இறங்கிப்போயிருந்தது. கன்னட மாதம், நம்முடையதுபோல் சூரியக் கணக்கில் அல்ல, அமாவாசையில் முடிந்து மறுநாள் பிறப்பது. அந்த வருடம் அவர்களுடைய ஆஷாடம் நம் ஆடிக்கு மூன்று வாரம் முன்னாலேயே வந்துவிட்டது. ஆஷாடம் முடிவதற்குள் மகன் விமானம் ஏறிவிடுவான்.

"கன்னட ஊட்டுல வாக்கப்பட்டு இத்தன வருசமாச்சு. தலைக்குள்ள இன்னும் பொறந்த ஊரு ஹனூரு காலண்டர்தான் ஓடுது பாருடி" என்றாய். நேரே சாரிடம் போய், தேதி போட்டது நான்தான் என்று சொன்னாய். நாட்காட்டி மேல் பழியைப் போட்டிருக்கலாம், என்னையும் இழுத்திருக்கலாம். செய்யவில்லை. இது தவறிப்போனால் இந்தப் பட்டனெல்லாம் வேண்டாம், நீ ஸ்டோரில் உட்கார்ந்து சிமென்ட் மூட்டை எழுது என்று சார் கன்னடத்தில் சொன்னது வெளியே எனக்குக் கேட்டது. திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாய்.

நான்தான் பெரிய யோசனை ஒன்று சொன்னேன். "பெயின்ட் வேலைக்குப் போட்ட நாள பாதியாக்கிடு. பார் தானா உள்ள வந்துடும்."

"கட்டத்துல நம்பர மாத்துனா செவுரு காஞ்சிருமாடி?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாய்.

போனவள் வேலையாட்களிடம் உட்கார்ந்தாய். சீக்கிரம் முடியுங்கள் என்று சொல்லத்தான் போகிறாய் என்று நினைத்தேன். நீ கேட்டது வேறு. "ஊருக்கு எப்பப் போறீங்க?"

பெயின்டர்கள் எல்லாரும் உன் ஊர்ப்பக்கத்து ஆட்கள். வைகாசியில் மாரியம்மன் நோன்பு, ஒரு வாரம் வேலைக்கு வரமாட்டோம் என்றார்கள். அது நம் அட்டவணையில் இல்லவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இருக்கிற பள்ளம் போதாதென்று இன்னொன்றா? "நோன்ப விட்டுட்டு வேல செய்யச் சொல்லு" என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். "என்ற ஊரு நோன்புடி அது. சரின்னு தலையாட்டிட்டுப் போயிருவாங்க. நாமதான் இங்க காலியான ஏணியப் பாத்துட்டு நிக்கோணும்."

பிறகு டீச்சரம்மாவிடமே போய்க் கேட்டாய்: ஹோமம் எங்கே, பால் காய்ச்சுவது எங்கே, அன்று யாராவது மாடியில் படுப்பார்களா? ஹால், சமையலறை, பூஜை அறை போதும், மாடி அப்புறம் ஆகட்டும் என்றார் அவர். அவ்வளவுதான் உனக்கு வேண்டியிருந்தது. ஷீட்டை இரண்டாகப் பிரித்தாய். மேலே, பால் காய்ச்ச வேண்டிய வேலைகள். கீழே, மற்றவை. மாடியில் டைல்ஸ் ஒட்டப் போகிற ஆட்களைக் கீழே இறக்கினாய். பெயின்டர்கள் ஊருக்குப் போயிருக்கும் வாரத்தில் சமையலறைத் தரையும் மேடையும் முடிகிற மாதிரி வைத்தாய். நோன்பு நாட்களைத் தனி ஷீட்டில் எழுதி, அந்த நாட்களில் பெயின்ட் பார் விழாதபடி மேக்ரோவில் புது வரிகள் சேர்த்தாய். அழுத்தினாய். கடைசி பார் ஆஷாடத்துக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது. "ஆயித்து கணே!" என்று நான் கத்தினேன், முடிந்துவிட்டதென்று. "இனிமேத்தான் இருக்குது" என்றாய்.

நோன்புக்குப் போனவர்கள் சொன்ன நாளில் ஏணிக்குத் திரும்பினார்கள். கிருகப்பிரவேசத்தன்று மாடிப்படிக்குக் குறுக்கே டீச்சரம்மா ஒரு கயிறு கட்டி, அதிலும் மாவிலைத் தோரணம் தொங்கவிட்டிருந்தார். மகன் பஞ்சகச்சம் நழுவ நழுவ ஹோமத்தில் உட்கார்ந்திருந்தான். பால் பொங்கியபோது எல்லாரும் அடுப்பைப் பார்த்தார்கள். நீ சுவரை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய், காய்ந்திருக்கிறதா என்று. அந்த அம்மா முதல் டம்ளர் பாலை உன் கையில்தான் கொடுத்தார். அதற்கப்புறம் சார் ஸ்டோர் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

அந்தத் தனி ஷீட்டுக்கு 'லீவு' என்று பெயர் வைத்தாய். பிறகு ஒவ்வொரு சைட்டிலும் உன் முதல் வேலை அதை நிரப்புவதுதான். டைல்ஸ் போடும் பாய்மார்களுக்கு ரம்ஜான், வடகர்நாடகத்து ஆட்களுக்கு அவர்கள் ஊர் ஜாத்ரை, நம் ஆட்களுக்குப் பொங்கல், எல்லாருக்கும் ஆயுத பூஜை. ஆடிக்கு ஒரு வரி, ஆஷாடத்துக்கு இன்னொரு வரி. ஆபீஸ் ஆட்களும் உண்டு. என் நாத்தனார் கல்யாணத்தை என்னிடம் கேட்காமலே எழுதி வைத்தவள் நீ.

காய்ச்சல் என்று நீ லீவு போட்டது மட்டும் அந்த ஷீட்டில் இல்லை. இரண்டு நாளில் வந்துவிடுவேன் என்று போனில் சொன்னாய். டெங்கு என்றார்கள். துளசிக்குக் கல்யாணம் செய்யும் துளசி ஹப்பப் பண்டிகையன்று, தெருவெல்லாம் துளசி மாடத்தில் நெல்லிக் கிளை நட்டு விளக்கு வைத்திருந்தபோது, உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. எல்லாரிடமும் ஊருக்கு எப்போது என்று கேட்டவள், ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போனாய்.

முதல் வருடத் திதி உன் புருஷன் வீட்டிலும் ஹனூரிலும் ஒரே நாளில் வந்தது. இந்த வருடம் கன்னடக் கணக்கில் நடுவே அதிக மாசம் ஒன்று கூடுதலாக வந்து அவர்கள் நாட்களையெல்லாம் தள்ளிவிட்டது. போன வாரம் உன் அம்மா கூப்பிட்டார். "ஐப்பசி வளர்பிறை துவாதசிக்கு எல போடறோங் கண்ணு. வராம இருந்துராத சாமி." இரண்டு நாள் கழித்து உன் வீட்டுக்காரர். துளசி ஹப்பத்தன்றுதான் திதி, "மனெகெ பன்னி", வீட்டுக்கு வாருங்கள் என்றார். அவர் சொன்ன நாள், உன் அம்மா சொன்னதற்கு ஒரு மாதம் கழித்து வருகிறது. எனக்குக் குழப்பமாகி, எது சரி என்று உன் அம்மாவிடமே கேட்டேன். "அவிங்க கணக்கு அவிங்களுக்கு, என்ற கணக்கு எனக்கு. புள்ள ஒண்ணுதானே" என்றார்.

இன்று காலை புது சைட்டுக்கு ஷீட் தயார் செய்தேன். வேலையாட்களைக் கேட்டு எழுதி முடித்ததும், என் பெயருக்கு எதிரே அந்த இரண்டு தேதிகளையும் போட்டேன். பட்டனை அழுத்தினேன். பின்னால் வந்து நின்ற சார், என் பெயரைக் காட்டி, இந்த பார் மட்டும் ஏன் இரண்டு இடத்தில் அறுந்திருக்கிறது என்று கேட்டார்.

"அவளோட திதி சார். அம்மா வீட்டுக் கணக்குல ஒண்ணு, புருஷன் வீட்டுக் கணக்குல ஒண்ணு" என்று கன்னடத்தில் சொன்னேன்.

சார் திரைக்குப் பக்கத்தில் குனிந்து தன் பெயர் இருந்த வரிசையில் விரல் வைத்தார். "நனகூ ஹாகம்மா" என்றார். எனக்கும் போடம்மா.

அவர் பெயருக்கு எதிரேயும் போட்டு, இன்னொரு தடவை அழுத்தினேன். இரண்டு பார்களும் அந்த நாட்களில் நின்று, தாண்டி, மறுநாளிலிருந்து தொடர்ந்தன. வேலை முடியும் தேதி இரண்டு நாள் தள்ளிப்போயிருந்தது. நீ எழுதி வைத்தது அப்படித்தான். நான் எதையும் மாற்றவில்லை.