மொய்னாக்கின் கழுத்துத் துணி

அல்மாட்டி
14 மார்ச் 2012

அன்புத் தங்கை ஷோல்பானுக்கு,

அக்கா ராபிகாவின் முத்தங்கள். போனை அணைத்துவிட்டுக் கேகென் மலையில் உட்கார்ந்துகொண்டால் நான் விட்டுவிடுவேனா? பேருந்து ஓட்டுநர் காசென் புதன்தோறும் மேலே வருகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே எண்ணெயில் பொரித்த பத்துப் பவுர்சாக். வழியில் அவன் கை வைக்காமல் இருந்தால் உன் அதிர்ஷ்டம்.

நீ என்னிடம் விட்டுப்போன உன் நாய் மொய்னாக் நலம். "நல்ல வீடாப் பாத்துக் குடுத்துடுக்கா. யாருன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத" என்றாய். சரி என்று என் காப்பகத்து நாய்களோடு அவனையும் ஞாயிறுதோறும் பூங்காவில் நடக்கும் தத்துக்கொடுப்புக்குக் கூட்டிப்போகிறேன். மூன்று ஞாயிறு ஆயிற்று. ஒற்றைக்கண் நாய்க்குக்கூட வீடு கிடைத்துவிட்டது, இவனுக்குக் கிடைக்கவில்லை. வீடு தேடும் நாய்களுக்கு அடையாளமாக நீலத் துணி கட்டுவோம். கட்டியதுதான் தாமதம், பிள்ளைகள் கூட்டத்துக்குள் பாய்ந்து பூங்காவையே சுற்றி ஓடுகிறான். "ஐயோ, இந்த முரடா? வீட்டுல குழந்தைங்க இருக்கும்மா, வேணாம்" என்று நழுவுகிறார்கள். உன்னிடம் சாதுவாகத்தானே இருந்தான்? என்னடி ஆயிற்று இவனுக்கு?

உன் அக்கா
ராபிகா

கேகென்
21 மார்ச்

அன்புள்ள அக்கா,

அவன் கழுத்தில் துணி கட்டாதே.

மறந்துவிட்டாயா? என் ஏடில் பிறந்த நாற்பதாம் நாள், நம் வழக்கப்படி அவனுடைய முதல் சட்டையில் மிட்டாய் முடிந்து மொய்னாக் கழுத்தில்தானே கட்டினோம்? மிட்டாய்க்காக ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் துரத்தினார்கள். கடைசியாக ஓடிவந்த சின்னப் பெண்ணுக்காகத் திரும்பித் திரும்பிப் பார்த்து மெதுவாக ஓடினான். கழுத்தில் துணி ஏறினால் அவனுக்கு அந்த நாள்தான். பிள்ளைகள் பின்னால் வருவார்கள் என்று நினைத்து ஓடுகிறான், பாவம்.

போன மே மாதம் காய்ச்சல் ஏடிலைக் கொண்டுபோன பிறகும் தொட்டிலடியில்தான் படுத்தான். தொட்டிலைக் கழற்றிப் பரணில் போட்டேன். வெறும் தரையில், அதே இடத்தில் படுத்தான். என்னால் பார்க்க முடியவில்லை அக்கா. அதனால்தான் அனுப்பினேன், வெறுப்பினால் அல்ல.

பவுர்சாக் ஏழு வந்து சேர்ந்தன.

ஷோல்பான்

கேகென்
26 மார்ச்

அக்கா,

புதன்வரை பொறுக்க முடியவில்லை. ஆட்டு வியாபாரி ஒருவர் நகரத்துக்கு இறங்குகிறார், அவரிடம் கொடுக்கிறேன்.

உனக்கு எழுதும்போதுதான், இத்தனை மாதம் கழித்து, ஏடில் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதேன். அவன் அப்பா எண்ணெய்க் கிணற்று வேலையிலிருந்து விடுப்பில் வந்தாலும், பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறார். என் பிள்ளையைத் தெரிந்த உயிர் இந்த வீட்டில் மொய்னாக் ஒருவன்தான் இருந்தான். அவனையும் துரத்திவிட்டேனே, பாவி.

யாருக்கும் கொடுத்துவிடாதே. சனிக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன்.

ஷோல்பான்

அல்மாட்டி
28 மார்ச்

என் கண்ணே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஞாயிறன்றே அவனைக் கொடுத்துவிட்டேன்.

நீ சொன்னபடி அன்று அவனுக்குத் துணி கட்டவில்லை. ஓர் இளம் ஜோடி கைக்குழந்தையோடு வந்தார்கள். "நாப்பதாம் நாள் சடங்குக்கு ஒரு நாள் மட்டும் நாய் இரவல் தருவீங்களாக்கா? எங்க அடுக்குமாடியில நாயே கிடையாது" என்றாள் அந்தப் பெண். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாய் என்ன டீ போடுற சமோவாரா, வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தர? வேணும்னா காலத்துக்கும் வச்சுக்கோங்க!" என்றேன். நான் திட்டிக்கொண்டிருக்கும்போதே மொய்னாக் போய்க் குழந்தையின் தள்ளுவண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டான். இழுத்தாலும் வரவில்லை. குனிந்து பார்த்த அவள், "இவன் எங்களோடயே வரட்டும்கா" என்றாள்.

வருகிற ஞாயிறு சடங்கு. இரண்டு வாரத்துக்குள் கேட்டால் நாயைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல், போய்க் கூட்டிவந்துவிடுகிறேன். என்னைத் திட்டு, ஆனால் பதில் போடு.

ராபிகா

கேகென்
28 மார்ச், மாலை

அக்கா,

காசென் வண்டியைக் கிளப்பிவிட்டு ஹாரன் அடிக்கிறான்.

கூட்டிவராதே. சனிக்கிழமை நான் வரவில்லை.

ஏடிலைப் பற்றி அவர்களிடம் மூச்சுவிடாதே, பச்சைக்குழந்தை இருக்கும் வீடு. தொட்டிலடியில் படுத்தால் எழுப்ப வேண்டாம் என்று மட்டும் சொல். சட்டையைத் தளர்வாகக் கட்டச் சொல், இடது காதுக்குக் கீழே பழைய காயம் இருக்கிறது.

கட்டியதும் ஓடுவான். பயப்பட வேண்டாம், விடச் சொல். இந்தத் தடவை பிள்ளைகள் நிஜமாகவே பின்னால் வருவார்கள்.

ஏடிலின் அம்மா
ஷோல்பான்