முப்பத்தெட்டரை மில்லிமீற்றர்

வெட்டுமேசையின் கீழ்த் தொட்டியில் தண்ணீரை இறக்கிச் சேற்றை வழித்தபோது அது கையில் பட்டது. நீள்சதுரமான ஒரு கழிவுத் துண்டு. துருவைத் துடைத்து வேர்னியர் அளவுகோலில் வைத்தேன். முப்பத்தெட்டரை மில்லிமீற்றர்.

முப்பத்தேழாக இருந்திருக்க வேண்டும்.

உனக்கு விளக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒரு தடவையாவது முழுதாகச் சொல்ல வேண்டும். பிளாஸ்மாச் சுடர் போகும் வழியில் ஒன்றரை மில்லிமீற்றர் இரும்பைத் தின்றுவிடும். நாற்பதில் துளை வேண்டுமென்றால், அது தின்பதெல்லாம் துளையின் உட்பக்கமாக இருக்கும்படி கணினியில் ஓர் எண் கொடுக்க வேண்டும். முதல்நாள் ஓர் ஓட்டோவின் பின்பக்கத்துக்குப் பூவேலை வெட்டியிருந்தேன். பூவுக்கு அந்தக் கணக்கு வேண்டாம் என்று பூச்சியம் போட்டிருந்தேன். மாற்ற மறந்தேன்.

அடுத்த வேலை ஜனாஸா வாகனம். இறந்தவர்களை அடக்கக் கொண்டுபோவது.

கல்முனையில் நம் பட்டறைக்குப் பள்ளிவாசல் தந்த முதல் வேலை. பழைய வான். வரைவதும் வெட்டுவதும் நான், வெல்டிங் நீ. மையித்தை, இறந்தவரின் உடலை, சுமக்கும் சந்தூக்குப் பெட்டி சட்டத்தில் வழுக்கி உள்ளே போய், இரண்டு பூட்டுகளில் இறுகி நிற்க வேண்டும். கழுவுவதற்குக் கழற்ற வேண்டும் என்பதால் பூட்டுகளை ஒட்டவில்லை. நான் வெட்டிய நாக்கை நான் வெட்டிய துளையில் செருகுவதுதான்.

சட்டம் முடிந்த அன்று நீ அதில் ஏறி நீட்டிப் படுத்தாய்.

"நல்லாத்தான் இரிக்கி மச்சான். நீயும் ஒருக்கா படுத்துப் பாரு."

"எழும்புடா, யாரும் பாத்தா ஏசுவாங்க."

"படுத்தவன் ஒருத்தனும் குறை சொல்ல மாட்டான். நமக்கு இதவிட நல்ல கஸ்டமர் கிடைக்குமா?"

குறை சொன்னது இரும்பு. வெறும் சந்தூக்கோடு காரைதீவு வரை ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு குழியிலும் கடகடவென்றது. இறங்கி, நாக்கைத் துளைக்குள் வைத்து விரலால் ஆட்டினாய். துளை பெருத்திருந்தது, நாக்கு சிறுத்திருந்தது. நீ என்னைப் பார்த்தாய். எனக்கும் தெரிந்துவிட்டது.

வாகனத்தைப் பார்க்கப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் மூத்தவரான ஹாஜியார் பூட்டை ஆட்டிப் பார்த்து, "இது என்ன தம்பி, பல்லு ஆடுற மாதிரி ஆடுது?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "வெல்டிங் சூட்டுல சட்டம் வளைஞ்சிட்டு ஹாஜியார். வெட்டினது சரி."

எவ்வளவு எளிதாக வந்தது. யோசிக்கக்கூட இல்லை.

"படிச்ச புள்ள சொன்னாச் சரியாத்தான் இரிக்கும்" என்று அவர் உன் பக்கம் திரும்பினார். "மையித்துட வேலையிலயுமா அவசரம்?"

அவர்கள் போனதும் கையுறையைக் கழற்றினாய்.

"வரைஞ்சது நீ. நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னாச் சண்டையாப் போகும்."

"ஓம், ஜும்ஆவுக்கு மறுகா சொல்றன்."

எத்தனை வெள்ளிக்கிழமை ஜும்ஆக்கள் போயின. முதலில் வெட்கம். பிறகு வசதி. உன்னை வேலைக்குச் சேர்த்தால் வாகனம் கெடும் என்று ஊர் பேசியது. நான் மறுக்கவில்லை. ஒரு நாள் நீ உன் வெல்டிங் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். மாவடிப்பள்ளிப் பக்கம் உழவு மெசின்களின் இழுவைப் பெட்டி ஒட்டுவதாகக் கேள்விப்பட்டேன். அப்படி ஒரு பெட்டிக்குக் கீழே நீ படுத்திருந்தபோது ஜாக்கி சரிந்தது.

உன்னை அடக்க நம் வாகனத்தில்தான் கொண்டுபோனார்கள். நானும் உள்ளே இருந்தேன். மையவாடி வரை கடகட, கடகட. உன் தம்பி எதிரே இருந்தான். ஒரு குழிக்குப் பிறகு பூட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டான். சத்தம் அடங்கியது. என்னைப் பார்க்கக் கூசினான். தன் காக்காவின், மூத்தவனான உன்னுடைய, பிழை என்றே நம்பினான்.

அதற்கு முந்தி, பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகை தொடங்கும்போது அவன்தான் எழுந்து நின்றிருந்தான். "எங்கட காக்கா ஆருக்கும் ஏதும் பிழை செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க." வழமையாகக் கேட்பதுதான். மையித்துக்காக உயிரோடிருப்பவர்களிடம் கேட்பார்கள். மறுபக்கமாக, மையித்திடம் நாம் கேட்க வழியில்லை.

அடக்கிய பிறகு என்னைத் தேடி வந்தான். கையைப் பிடித்தான்.

"அவரால உங்கட பேரும் கெட்டுப்போச்சி. மனசுல ஒண்டும் வெச்சிக்காதீங்க. நீங்க பொறுத்தாத்தான் எங்கட உம்மாக்கு நிம்மதி."

அவனிடமாவது சொல்லியிருக்கலாம். கையில் உன் மண் இன்னும் ஒட்டியிருந்தது.

"பொறுத்துட்டன்" என்றேன்.

அவன் அழுதான். நன்றி சொன்னான்.

போன கிழமை ஹாஜியார் வாகனத்தை அனுப்பியிருந்தார். "உங்கட கூட்டாளி விட்ட பிழைய நீங்களாவது திருத்தித் தாங்க." பூட்டைக் கழற்றி உன் சட்டத்தில் நூல் பிடித்தேன். இந்த முனை முதல் அந்த முனை வரை மயிரிழை விலகவில்லை. கணினியில் ஒன்றரை என்று அடித்தேன். இரண்டு பூட்டையும் புதிதாக வெட்டினேன். அரைநாள் வேலை. நாக்கு துளைக்குள் போய் இறுகி நின்றது.

இன்று காலை ஹாஜியார் வந்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. "இதுதான் வேலை" என்று தோளில் தட்டினார். அவர் போன பிறகுதான் தொட்டியைத் துப்புரவாக்க இறங்கினேன்.

துண்டு இப்போது சட்டைப்பையில் இருக்கிறது. எறியவில்லை; யாரிடமும் காட்டப் போவதுமில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் வாகனம் யாரையோ ஏற்றிக்கொண்டு பட்டறை வாசலால் போனது. காது கொடுத்தேன். ஒரு சத்தமுமில்லை.

இந்த ஊரில் உன் பக்கம் நின்று பேசியது அந்தச் சத்தம் ஒன்றுதான். அதையும் நிறுத்திவிட்டேன்.