அப்பாவின் கல்லும் அச்சரக்கூடும்

சிவமயம்

இணுவில்,
18.05.1989

அன்பு மகள் மீனாம்பிகைக்கு,

கந்தசுவாமியார் காவலில் நானும் அப்பாவும் சுகமாயிருக்கிறோம், நோர்வேக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவுக்கு வயிற்றுக்குத்து என்று போன கடிதத்தில் அழுதழுது எழுதினேன், இது சிரித்துக்கொண்டு எழுதுவது. பங்குனியில் எடுத்த எக்ஸ்ரேயில் வலப்பக்கம் வெள்ளையாய், நீட்டாய் ஒன்று தெரிந்தது. சிறுநீரகக் கல் போலிருக்கிறது, வெட்டி எடுக்க வேண்டி வரும் என்று டாக்குத்தர் சொன்னதும் அப்பா வெங்காயத் தோட்டத்துப் பக்கமே போகாமல் சுருண்டு படுத்துவிட்டார், நான் தெரிந்த கோயிலுக்கெல்லாம் நேர்த்தி வைத்தேன். வெட்டுவதற்கு முன் இன்னொரு எக்ஸ்ரே எடுத்தால் அது இடப்பக்கம் நிற்கிறது. முதுகெலும்பைத் தாண்டி நடக்கிற கல்லைத் தான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை என்றார் டாக்குத்தர். கொழும்புக்குப் போய் சி.ரி. ஸ்கான் எடுங்கள், அது வயிற்றைப் பேக்கரிப் பாணை வெட்டின துண்டுகள் மாதிரி ஒவ்வொன்றாய்க் காட்டும், அதைப் பார்க்காமல் கத்தி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

கொழும்பில் ஸ்கான் அறைக்குள் விடுமுன் நேர்ஸ் பிள்ளை இடுப்பைத் தடவிக் கண்டுபிடித்தாள். நீ பயணம் போன அன்று அப்பா உன் காவலுக்கென்று மந்திரத் தகடு சுருட்டி வைத்து அரைநாண் கயிற்றில் கட்டிய வெள்ளி அச்சரக்கூடு. இரண்டு எக்ஸ்ரேக்கும் உலோகம் எல்லாம் கழற்றச் சொன்னபோது, மணிக்கூடு மோதிரமெல்லாம் கழற்றிக் கொடுத்த மனுஷன் இதை மட்டும் உடுப்புக்குள் ஒளித்திருக்கிறார், அது இடுப்பைச் சுற்றிப் பக்கம் மாறியிருக்கிறது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. அவரோ, "பிள்ளை திரும்பி வருமட்டும் அவிழ்க்க மாட்டன் எண்டு நேந்தனான். வெட்டினால் வெட்டட்டும்" என்று வாங்குப் பலகையில் குந்திவிட்டார். அதைக் கேட்டபிறகு எப்படிக் கோபிக்கிறது? நானே அவிழ்த்து என் கையில் கட்டிக்கொண்டு, "நான் வைச்சிருக்கிறன், நீங்கள் போங்கோ" என்றேன். சின்னப்பிள்ளை மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

ஸ்கானில் உண்மையான கல் தெரிந்தது. பயறளவுதான், சிறுநீர்க் குழாயின் அடியில் இறங்கி நின்றது. வெட்டத் தேவையில்லை, தண்ணீரை நிறையக் குடித்து, போகிற சிறுநீரை வடித்துப் பாருங்கள் என்றார்கள். நாலாம் நாள் வடியில் விழுந்தது. இப்போது நெருப்புப் பெட்டிக்குள் வைத்து, வருகிறவர்கள் இருக்கமுன்னமே திறந்து காட்டுகிறார், எனக்குத்தான் வெட்கம்.

நீயும் கோப்பியோடு இருந்துவிடாமல் தண்ணீர் குடி. முருகன் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருப்பான். ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது. ஒன்பதாம் திகதி செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குத்தான் அப்பா ஸ்கானுக்குள் கிடந்தார். கூடு இடுப்பில் இல்லாத அந்த நேரம், "அவளுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே" என்று தினமும் கேட்கிறார். அந்த நேரம் சுகமாய்த்தான் இருந்தேன் என்று ஒரு வரி போடு மகளே. எனக்கும் அது வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
தங்கமுத்து