இடது மட்கார்டில் குழிகள்

மார்ச் 3
மறுபடியும் குழி. பழைய பெயின்டை இரும்பு தெரியச் சுரண்டி, சொட்டைக்குப் பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து என் விரல் நுனியில் தோலே இல்லை. முதலாளி அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்தார். காய்வதற்குள் அம்மைத் தழும்பு மாதிரி அங்கங்கே விலகிவிட்டது. எங்கோ எண்ணெய்ப் பசை. "உன் தலையிலதான்டா இருக்கு" என்றார். வந்த நாளிலிருந்து தேய்ப்பு மட்டும்தான் என் வேலை. இந்தப் பழைய கார் சுத்தமாக வந்தால் அடுத்த வண்டிக்கு பெயின்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன் என் கையில் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

மார்ச் 4
தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. முதலாளியின் மச்சினன் 'சாமியார்' என்று கூப்பிடுகிறான்.

மார்ச் 6
பிடித்துவிட்டேன். வண்டிக்காரர்! பல் டாக்டர். அவருடைய அப்பா ஓட்டிய வண்டியாம். மாலையில் வந்து மட்கார்டைக் குழந்தையின் கன்னம் மாதிரி தடவுகிறார். கையெல்லாம் கிரீம் வாசனை. முதலாளி பல்லிளித்துக்கொண்டு டீ சொல்கிறார். நான் தொட்டால் அழுக்கு, அவர் தொட்டால் பாசமா? டாக்டரிடமே சொல்லிவிட்டேன்.
"சார், கைய எடுங்க. உங்க கை பட்டுத்தான் பெயின்ட் நிக்க மாட்டேங்குது."
சூடு பட்டவர் போல எடுத்தார்.

மார்ச் 7
முதலாளி திட்டவில்லை. வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டினார். பழி டாக்டர்மேல் போனதில் அவருக்கு நிம்மதி.

மார்ச் 10
கயிறு கட்டியும் குழி. அப்படியானால் — யார்?

மார்ச் 11
பட்டறையில் துடைக்கத் துணி தருவதில்லை. வீட்டிலிருந்து பழைய பனியன் கொண்டுபோகிறேன். இன்று முகர்ந்து பார்த்தேன். பூ வாசனை. அக்காவைக் கேட்டேன்.
"உன் துணி நாறுதுன்னுதான் வாசனை லிக்விட் ஊத்தி அலசுறேன். ஒரு நாளாவது நல்லாயிருக்குன்னு சொல்லியிருக்கியாடா?"
கடவுளே. அந்த லிக்விட்டின் பசையா?

மார்ச் 12
மட்கார்டில் பாதியை அக்காவின் துணியாலும், மீதியை வெறும் தண்ணீரில் அலசிய துணியாலும் துடைத்துப் பிரைமர் அடிக்கச் சொன்னேன். அக்காவின் பாதி குழி, மறு பாதி கண்ணாடி. முதலாளி என்னைத் தனியே இழுத்துப்போனார்.
"தப்பு டாக்டரோடதுன்னே இருக்கட்டும். உனக்கு கன் வேணுமா, வேணாமா?"
வேண்டும்தான். எனக்கு மட்டும் வேண்டாமா?
மாலையில் டாக்டர் கயிற்றுக்கு வெளியே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நிறுத்திய பையன் மாதிரி நின்றார். இன்றைக்காவது நல்லபடியாக வந்ததா என்று கேட்டார். கையிலிருந்த துணியைக் காட்டினேன்.
"சார், உங்க கை இல்ல. எங்க துணி. வாசனை லிக்விட்ல அலசினது."
மச்சினன் சிரித்தான். முதலாளி சிரிக்கவில்லை.

மார்ச் 14
அடுத்த வண்டி வந்துவிட்டது. கன் மச்சினனுக்கு. எனக்கு உப்புத்தாள்.

மார்ச் 16
கயிற்றை அவிழ்த்தாகிவிட்டது. டாக்டர் வந்தார். கயிறு இருந்த இடத்திலேயே நின்றார். கையில் ஒரு மூட்டை — கிழித்து மடித்த பருத்தித் துணிகள். வெறும் தண்ணீரில் அலசியதாம், அவரே.
"உள்ள வாங்க சார்" என்றேன்.