நீ தைத்த பையோடு கோர்ட்டுக்குப் போனேன்

இன்று காலை பீரோவிலிருந்து நீ தைத்துக் கொடுத்த பையை எடுத்தேன். கம்பெனியில் கழித்துப் போட்ட தோல் துண்டுகளை ஒட்டுப்போட்ட பை. திறந்ததும் தோலும் பசையும் கலந்த வாசனை, நம் தையல் பிரிவே உள்ளே உட்கார்ந்திருப்பது போல. துணைக்கு வருகிறேன் என்று சொன்னவள் மார்கழியில் காய்ச்சலென்று படுத்தாய், பிறகு எழுந்திருக்கவே இல்லை. பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டேன். ஜிப்பை மூட மறந்தே வாசலைத் தாண்டினேன்.

என் கல்யாணத்தை ஆம்பூரில் பெரியவர்கள் தீர்த்து வைத்த அழகு உனக்குத் தெரியும். 'இனி ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை' என்று பத்திரத்தாளில் எழுதினார்கள். தாலியைக் கழற்றிக் கொடுத்தேன். சாட்சிக் கையெழுத்து நீ. முடிந்ததும் பிரியாணி எங்கே என்று கேட்டவளும் நீதான். கல்யாணத்தில்கூட அவ்வளவு நல்ல பிரியாணி போடவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். சில வருஷம் அந்தச் சிரிப்பிலேயே போயிற்று.

பிறகு ஒருநாள் அந்த மனுஷன் கம்பெனி கேட்டில் வந்து நின்றான். "எனக்கு வேற பொண்ணு பாத்திருக்காங்க. அவுங்க கோர்ட்டு தீர்ப்பு கேக்குறாங்க. நாம எழுதுன தாளு செல்லாதாம். இன்னும் நீ என் பொண்டாட்டியாம்டி," என்று சிரித்தான். அவன் கைகளை மறந்திருந்த என் முதுகுக்கு அந்தச் சிரிப்பு எல்லாவற்றையும் ஞாபகப்படுத்தியது.

கல்யாணம் நடந்தது வேலூரில். அதனால் அங்கேயே இலவசச் சட்ட உதவிக்கு இழுத்துப் போனாய். அந்த வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னார்: "ஒரு வருஷத்துக்கு மேல பிரிஞ்சி இருக்கீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து மனு போடலாம். அப்புறம் ஆறு மாசம் காத்திருந்து, மறுபடி வந்து சம்மதம்னு சொல்லணும். நடுவுல யாராச்சும் மனசு மாறிட்டா மனு நிக்காது. கொடுமையைக் காட்டி நீங்க தனியா வழக்கு போடணும். அது இழுக்கும்."

"அப்ப நான் போட்ட கையெழுத்து?" என்றாய்.

"அதுக்கு மதிப்பு இல்லைம்மா."

"சாப்ட பிரியாணி?"

"அது செரிச்சிருக்கும்."

நீ சிரித்தாய். எனக்கு 'மனசு மாறிட்டா' என்ற சொல்லுக்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை. மனுப் போட்ட அன்று பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று நின்றபோது, "இன்னாடி, பயம் போனப்புறம்தான் வரணுமா? அதையும் கூட்டிக்கினு வா. அதுக்கு ஒண்ணும் தனி டிக்கெட்டு எடுக்க வேணாம்," என்றாய்.

நீ போன மறுமாதம் கேண்டீனில் காதில் விழுந்தது: அவனுக்குப் பார்த்த பெண் வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்களாம். வம்பு கேட்டுச் சோறு இறங்காமல் போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இனி அவனுக்குத் தீர்ப்பு எதற்கு?

இன்று நீதிமன்ற வராந்தாவில் அதே சிரிப்போடு நின்றான். பெயரைக் கூப்பிட்டார்கள். "யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா? பிரியச் சம்மதமா?" என்று நீதிபதி கேட்டார். சூப்பர்வைசர் கத்தியும் மூடாத வாய் என்னுடையது. அதிலிருந்து காற்றுதான் வந்தது. பையை இறுக்கிப் பிடித்தேன். "யாரும் இல்லைங்க. சம்மதம்."

அடுத்து அவனைக் கேட்டார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். வராந்தாவில் பார்த்த அதே சிரிப்பு. நான் தரையைப் பார்த்தேன்.

"சம்மதங்க."

ஏன் சொன்னான் என்று தெரியாது. ஊர்க்கதை முழுக்கத் தெரிந்த எனக்கு இந்த ஒன்று தெரியாமலே இருக்கட்டும்.

விவாகரத்து கொடுத்தாயிற்று என்று வக்கீலம்மா தோளைத் தட்டிய பிறகும் பயம் கூடவே வந்தது. ஆம்பூர் பஸ்ஸில் ஒரு டிக்கெட் எடுத்தேன். ஜன்னலோரத்தைப் பயத்துக்கு விட்டுவிட்டு, உன் பையை மடியில் வைத்துக்கொண்டேன்.