உன் தோட்டத்துக் கரடி

அண்ணாவுக்கு,

கை எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டேன். இடது கையால் எழுதப் பழகிவிட்டாய் என்று அண்ணி சொன்னார்.

உன் தோட்டத்தில் நாங்கள் வைத்த கூண்டில் இன்று காலை கரடி அகப்பட்டது. உன்னைக் கடித்தது இதுதானா என்று யாருக்கும் தெரியாது. "அதை உயிரோட விட்டே, உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று நீ போனில் சொன்னது காதிலேயே இருந்தது. ஆட்களைத் தாக்கிய கரடிகளில் இரண்டைச் சுட எங்கள் வனத்துறைக்கு இந்த ஆண்டு சிறப்பு அனுமதி கிடைத்திருக்கிறது. அதில் இன்னும் ஒன்று பாக்கி.

மயக்க ஊசி போட்ட பிறகு அதன் பின்னங்காலை இரு கைகளிலும் ஏந்தி அளந்தேன். குதிகால், ஐந்து விரல்கள், வெடிப்பு. நம் பாதம்தான், அண்ணா. அது மூச்சு விட்டபோது கூண்டுக் கம்பிகள் அதிர்ந்தன.

"நீ நடுங்குற நடுக்கத்துல கரடி முழிச்சுக்கப் போகுதும்மா" என்றார் கால்நடை டாக்டர். பிறகு அதன் முலைக்காம்பை அழுத்திப் பார்த்தார். என் மணிக்கட்டில் பால் தெறித்தது. சூடாக இருந்தது.

பால் கொடுக்கும் தாயைச் சுடக் கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் என்னால் முடிந்திருக்காது.

மயக்கம் தெளிந்ததும் தூரத்திலிருந்து கதவைத் திறந்தோம். அவள் எழுந்து நின்றாள். ஒரே ஓர் உறுமல். உன் மரத்திலிருந்து இரண்டு குட்டிகள் சறுக்கி இறங்கின. மூவரும் காட்டுக்குள் நடந்தார்கள். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் தோட்டத்துக்கு மின்வேலி போட நானே வருகிறேன். நீ வெளியே வர வேண்டாம். உள்ளே இருந்தாவது திட்டு.

உன் தங்கை