பட்டியலில் இல்லாத ஆள்

நவம்பர் 3, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. மூன்று நாளாகத் துணி காயவில்லை. சேகர் இன்றும் வேலைக்குப் போகவில்லை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பாலத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து இன்றோடு நான்கு நாள். முட்டியில் ஏழு தையல். கேட்டால், "சும்மா சிராய்ப்பு லா" என்கிறார். ஏழு தையல் போட்ட சிராய்ப்பு!

வாங்க: பஞ்சு, முட்டை, யாழினிக்குப் பள்ளிச் சப்பாத்து (மறுபடியும். மகளுக்குக் கால் மட்டும்தான் வளர்கிறது).

நவம்பர் 4, செவ்வாய்
பாலர் பள்ளியில் ஒரு வாண்டு என் மேலே வாந்தி. கழுவ உதவிய சரோஜா டீச்சரிடம் வீட்டு நிலைமையைச் சொன்னேன்.

"அவசரத்துக்கு எவ்ளோ வெச்சிருக்கீங்க?"

"ஒரு மாசம் ஓட்டலாம்."

"அலமாக்! மூணு மாசமாச்சும் வேணும் டீச்சர்."

சாயங்காலம் சேகரிடம் மூன்று மாதம் என்றேன். "பத்தாது. ஒரு வருஷம்" என்றார். விலை கேட்காமல் டுரியான் பழம் வாங்குகிற மனுஷன்! சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

நவம்பர் 5, புதன்
சண்டை. ஒரு வருஷத்துக்குச் சேர்க்க, சனிக்கிழமையும் ஓவர்டைம் போவாராம்.

"பாலத்துல விழுந்ததுக்கு மருந்து, அதே பாலத்துல இன்னொரு நாளும் போறதா?"

"மெதுவா போவேன்."

"அன்னிக்கும் மெதுவாத்தான் போனீங்க."

குழம்பில் உப்பு போட மறந்தேன். அப்படியே சாப்பிட்டு எழுந்தார். கோபத்திலும் பாவமாக இருந்தது.

நவம்பர் 7, வெள்ளி
தையல் பிரித்தாயிற்று. திங்கள் முதல் வேலை. யாழினிதான் வழி சொன்னாள்: "ரெண்டு பேரும் தனித்தனியா எழுதுங்க. மாசம் கண்டிப்பா எவ்ளோ வேணும்னு. அப்புறம் சண்ட போடுங்க." ஞாயிறு காலை என்று முடிவு.

நவம்பர் 9, ஞாயிறு
வெயில்! எல்லாத் துணியும் காய்ந்தது. தோசை. பசியாறியதும் பட்டியலை மாற்றிக்கொண்டோம்.

என்னுடையது மூவாயிரம் ரிங்கிட். அவருடையது இரண்டாயிரத்து இருநூறு. எதையோ மறந்திருக்கிறார், மாட்டினார் என்று வரி வரியாகப் பார்த்தேன். வீட்டுத் தவணை இருக்கிறது. அரிசி, கரண்டு, பள்ளி பஸ், யாழினியின் பூப்பந்து வகுப்பு. என் தலைச்சாயம்கூட இருக்கிறது.

மோட்டார் பெட்ரோல் இல்லை. அவர் போன் இல்லை. "உங்க பிரஷர் மாத்திரைய மறந்துட்டீங்களே" என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினேன். மறக்கவில்லை. அவர் இல்லாத வீட்டுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்.

"ஏங்க, இதுல நீங்க எங்க?"

முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு கீழ கெடந்தப்ப, பின்னாடி மோட்டாருங்க பிரேக் போட்ட சத்தம் இருக்கே வசந்தி... நான் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் எத்தன மாசம் தாங்குவீங்கன்னுதான் மண்டையில ஓடுச்சு."

பத்து நாளாக இதைத் தனியாகச் சுமந்திருக்கிறார். நான் ஓவர்டைமுக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். அழுதேன். இவர் இல்லாமல் ஒரு வருஷக் காசை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதையும் சொன்னேன். "சரி, சரி, தோச ஆறுது" என்றார். தோசை எப்போதோ தீர்ந்திருந்தது.

முடிவு: ஆறு மாதம். நான் சாயங்காலம் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன். சனிக்கிழமை அவர் வீட்டில். மழை நாளில் பஸ்.

நவம்பர் 10, திங்கள்
மழை. பஸ்ஸில்தான் போனார். சொன்னபடி.

காலை ஆறரைக்கு மெசேஜ்: "பாலத்துல ஜாம். நின்னுகிட்டே தூங்குறேன். பசியாறிட்டியா?"

அவர் பட்டியலை எடுத்தேன். அடியில் என் கையெழுத்தில் சேர்த்தேன்: சேகர் பஸ் காசு. சேகர் மாத்திரை. சேகர் போன். சேகர் டுரியான். கூட்டினால் தொகை எங்கேயோ போகிறது. போகட்டும்.